திருகோணமலையிலிருந்து விழித்திரை ஆய்வு: கண் வைத்தியத்துக்குள் வரும் இளம் வைத்தியருக்கு ஒரு வழிகாட்டி

விழித்திரை நோய்கள் மெதுவாக நகர்பவை. நீரிழிவு விழித்திரையைத் தொட்டு, பார்வையைப் பறிக்கும் கட்டத்துக்கு வர ஆண்டுகள் எடுக்கும். ஆகவே ஒரே ஆளின் ஒரே கண்ணை ஒரே முறையில் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதிய பதிவுதான் இந்த ஆய்வின் முதல். 1993இல் வெளியான டி.சி.சி.ரி. (நீரிழிவுக் கட்டுப்பாடும் சிக்கல்களும் பற்றிய) ஆய்வு, வகை 1 நீரிழிவு உள்ள 1,441 பேரைச் சராசரியாக 6.5 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால், பாதிப்பு இல்லாதிருந்த விழித்திரையில் அது தோன்றும் ஆபத்து 76% குறைகிறது என்று அது காட்டியது. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் சேர்ந்தவர்களில் 99% பேர் இறுதிவரை தொடர்ந்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தத் தொடர்ச்சி இல்லாவிட்டால் 76 என்ற எண்ணுக்குப் பலமே இருந்திருக்காது.

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தத் துறையில் ஆய்வு செய்யலாமா, கொழும்புக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டுமா என்று தயங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம், கந்தளாய் என்று எங்கிருந்து வந்தாலும் இங்குள்ள நோயாளி பெரும்பாலும் அதே வைத்தியசாலைக்கு, அதே கிளினிக் கொப்பியோடு, ஆண்டுக்கணக்காக வருகிறார். தலைநகரின் பெரிய வைத்தியசாலைக்கு நாடெங்குமிருந்து ஆட்கள் வருவார்கள். சத்திரசிகிச்சை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள், பிறகு தேடிப் பிடிப்பது கடினம். பின்தொடரும் ஆய்வுக்கு நம் மாவட்டம் நல்ல இடம்.

எந்தக் கட்டத்தில் தொடங்குவது

பாதை இதுதான்: எம்.பி.பி.எஸ்., ஓராண்டு உள்ளகப் பயிற்சி, இலங்கை மருத்துவ சபையின் முழுப் பதிவு. அதன்பின் ஒரு கண் பிரிவில் மருத்துவ அதிகாரியாக வேலை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பி.ஜி.ஐ.எம். (பட்டப்பின் மருத்துவ நிறுவனம்) நடத்தும் தெரிவுப் பரீட்சை, எம்.டி. பயிற்சி, சிரேஷ்ட பதிவாளர் காலம், அதற்குள் வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் நிபுணர் சான்று. விழித்திரைச் சத்திரசிகிச்சை இதற்குள் ஒரு தனி உபதுறை. பரீட்சைத் தகுதிகளும் பயிற்சிக் காலங்களும் மாறக்கூடியவை. மூத்தவர்கள் வாய்வழியாகச் சொல்வதை நம்பி இருக்காமல், அந்தந்த ஆண்டுக்கான கையேட்டை எடுத்துப் படியுங்கள்.

முதல் ஆய்வை உள்ளகப் பயிற்சி முடிந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிடுவது நல்லது. எம்.டி. பயிற்சிக்குள் போனபின் இரவுக் கடமையும் சத்திரசிகிச்சைக் கணக்கும் நேரத்தை விழுங்கிவிடும். முதல் தடவையாக ஒழுக்கநெறி அனுமதிக்கு விண்ணப்பிப்பது, தரவு அட்டவணை அமைப்பது, சஞ்சிகை மதிப்பாய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது ஆகியவற்றைக் கற்க அந்தக் காலம் பொருந்தாது. சின்னதாக ஒன்றைத் தொடங்கி முடித்துப் பாருங்கள். இடமாற்றம் வந்தால் பாதியில் நின்றுவிடும் பெரிய திட்டத்தைவிட, ஒன்பது மாதத்தில் முடியும் சிறு கணக்காய்வு (கிளினிக்கில் நடப்பதை வழிகாட்டலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது) பல மடங்கு உதவும்.

கேள்வியை ஒடுக்குவது

"திருகோணமலையில் நீரிழிவு விழித்திரைப் பாதிப்பு" என்பது தலைப்பு. அதில் கேள்வி இல்லை. கேள்வியில் யாரை, எங்கே, எதை அளந்து, எந்தக் காலத்துக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். இங்கே இயந்திரம் அதிகம் இல்லாமலே செய்யக்கூடியவை சில:

மருத்துவக் கிளினிக்கில் இருந்து கண் கிளினிக்குக்கு அனுப்பப்பட்ட, 40 வயதுக்கு மேற்பட்ட வகை 2 நீரிழிவு நோயாளிகளில் எத்தனை வீதம் பேர் மூன்று மாதத்துக்குள் வந்தார்கள்? வராதவர்கள் ஏன் வரவில்லை? இதற்கு இரண்டு பதிவேடுகளும் ஒரு தொலைபேசியும் போதும். முடிவு நேராக வேலைக்கு உதவும். தொடங்குபவருக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதையே.

ஹைட்ரொக்சிகுளோரோகுவின் (மூட்டுவாதம், லூபஸ் போன்றவற்றுக்கான மருந்து) எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு உடல் எடைக்கு மிஞ்சிய அளவு கொடுக்கப்படுகிறது? அமெரிக்கக் கண் வைத்தியக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல், நாளொன்றுக்கு ஒரு கிலோ உண்மையான உடல் எடைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. முதல் ஆண்டுக்குள் ஓர் அடிப்படைப் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப்பின் ஆண்டுதோறும் பரிசோதனை என்றும் சொல்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தால் அது கிலோவுக்கு 8 ஆகிவிடுகிறது. தராசும் மருந்துச் சிட்டையும் இருந்தால் கணக்கிடலாம். மருந்தால் வரும் விழித்திரைச் சேதம் திரும்பாது, ஆகவே இந்தக் கணக்காய்வு பார்வையைக் காக்கும்.

மூன்றாவது சற்றுப் பெரியது. மருத்துவ அதிகாரி விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சொல்லும் முடிவு, நிபுணர் கண்மணியை விரித்துப் பார்த்துச் சொல்லும் முடிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது? இப்படிப்பட்ட பரிசோதனை முறைகளுக்குப் பிரித்தானியாவில் வைக்கப்பட்ட அளவுகோல்: நோய் உள்ளவர்களில் குறைந்தது 80% பேரைக் கண்டுபிடிக்க வேண்டும், நோய் இல்லாதவர்களில் 95% பேரைச் சரியாக விட்டுவிட வேண்டும், எடுத்த படங்களில் பயன்படாதவை 5%க்குள் இருக்க வேண்டும். கணினியே படத்தை வாசிக்கும் முறைகள் பெருகும் இக்காலத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் பெறுமதி கூடியிருக்கிறது. வேறு நாட்டுப் படங்களில் பழகிய மென்பொருள், கண்புரை அதிகமுள்ள நம் கிளினிக்கில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இங்கே சோதித்தால்தான் தெரியும்.

எத்தனை பேர் வேண்டும்

ஒரு நோயின் வீதத்தை மதிப்பிட, எதிர்பார்க்கும் வீதம் p என்றால், 1.96இன் வர்க்கத்தை p மற்றும் (1−p) இரண்டாலும் பெருக்கி, ஏற்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். p எங்கிருந்து வரும்? சென்னையில் சங்கர நேத்ராலயா கண் வைத்தியசாலை நடத்திய எஸ்.என்.-ட்ரீம்ஸ் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் 18% பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. பிழை 5% என்றால் 3.8416 × 0.18 × 0.82 ÷ 0.0025 = 226.8, அதாவது 227 பேர். பத்தில் ஒருவர் வராமல் போவார் என்று வைத்தால் 227ஐ 0.9ஆல் வகுத்து 253. சென்னையில் எடுத்தது பொதுமக்கள் மத்தியில். உங்கள் கிளினிக்குக்கு வருபவர்கள் நோய் முற்றியவர்களாக இருப்பதால் வீதம் கூடலாம். p 50%ஐ நெருங்க நெருங்கத் தேவையான எண்ணிக்கையும் ஏறும் என்பதால், சற்று உயர்ந்த p எடுத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது. 25% என்று எடுத்தால் 289.

மூன்றாவது கேள்விக்குக் கணக்கு வேறு. கண்டுபிடிக்கும் திறன் 80%, பிழை 8% என்றால் நோய் உள்ளவர்கள் மட்டும் 97 பேர் வேண்டும். கிளினிக்கில் 18% பேருக்கே நோய் என்றால், 97 பேரைச் சேர்க்க ஏறத்தாழ 540 பேரைப் பரிசோதிக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது படியை மறந்து, நூறு பேரைப் பரிசோதித்துவிட்டு அவர்களில் பதினெட்டுப் பேரை வைத்து வீதம் எழுதுகிறார்கள். அந்த எண்ணை யாரும் நம்ப முடியாது.

அனுமதிகள்

வரிசை முக்கியம். முதலில் மேற்பார்வையாளர்: கண் வைத்திய நிபுணர் ஒருவர், இயன்றால் சமுதாய மருத்துவம் அல்லது புள்ளிவிபரம் தெரிந்த இன்னொருவர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் இருக்கிறது, யாழ்ப்பாண மருத்துவ பீடமும் உண்டு. இரண்டிலும் இப்படிப்பட்ட துணை தேடலாம், ஒழுக்கநெறிக் குழுவும் அங்கே உண்டு. பிறகு நிறுவன அனுமதி. நீங்கள் தரவு எடுக்கும் ஒவ்வொரு வைத்தியசாலையும் மத்திய அமைச்சின் கீழா மாகாணத்தின் கீழா என்று பாருங்கள். பணிப்பாளரிடமா, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமா, இருவரிடமுமா கடிதம் வாங்குவது என்பது அதைப் பொறுத்தது. ஒரு கடிதம் குறைந்தாலும் குழு கோப்பைத் திருப்பி அனுப்பும்.

ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போகும் கோப்பில் ஆய்வுத் திட்டம், தரவுப் படிவம், தகவல் தாள், சம்மதப் படிவம், ஆய்வாளர்களின் விபரம் ஆகியன இருக்க வேண்டும். திருகோணமலையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் படிவம் தயாரிக்க வேண்டும். தமிழ் பேசும் முஸ்லிம், தமிழ் நோயாளிகளோடு கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள நோயாளிகளும் ஒரே வாங்கில் இருப்பார்கள். ஒரு மொழியை விட்டுவிட்டால் அந்தச் சனத்தையே ஆய்விலிருந்து வெட்டிவிடுகிறோம். மொழிபெயர்ப்பை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் மூல மொழிக்குத் திருப்பச் சொல்லி ஒத்துப் பாருங்கள்.

தரவு எடுத்தபின் கேட்டால் அனுமதி கிடைக்காது. பழைய பதிவேடுகளை மட்டும் பார்க்கிறேன், அதற்கு எதற்கு அனுமதி என்று தொடங்கியவர்கள் பின்னர் எந்தச் சஞ்சிகையிலும் வெளியிட முடியாமல் நிற்கிறார்கள். மருந்து அல்லது சிகிச்சையை ஒப்பிடும் பரீட்சார்த்த ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னரே இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிய வேண்டும். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் தேவைப்படும். முதல் ஆய்வுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பரிசோதனை நாள்

ஒழுங்கு மாறினால் தரவு கெடும். விரிக்கும் துளி விட்டபின் பார்வையை அளந்தால் அந்த எண் பயனற்றது. ஆகவே:

1. பார்வைத் திறன் முதலில். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக, வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, பின் சிறு துளை அட்டையோடு. வலது கண் எப்போதும் முதலில். ஈ.ரி.டி.ஆர்.எஸ். அட்டை (ஆய்வுகளில் பாவிக்கும், வரிக்கு ஒரே எண்ணிக்கையில் எழுத்துள்ள பார்வை அட்டை) இருந்தால் 4 மீற்றரில் வைத்து எழுத்தெழுத்தாக எண்ணுங்கள்: ஒரு வரியில் 5 எழுத்து, வரிக்கு 0.1, எழுத்துக்கு 0.02 லொக்மார் (பார்வைத் திறனை மடக்கையில் சொல்லும் அலகு; எண் கூடினால் பார்வை குறைவு). வழக்கமான ஸ்னெலன் அட்டை (6/6, 6/60 என்று எழுதுவது) மட்டும் இருந்தால் 6 மீற்றர் தூரத்தை நாடாவால் அளந்து தரையில் கோடு போடுங்கள். கதிரையை ஒவ்வொரு தாதியும் ஒவ்வோர் இடத்தில் வைப்பதால் வரும் பிழை, சிகிச்சையால் வரும் மாற்றத்தைவிடப் பெரிதாகிவிடும்.

2. கண் அழுத்தமும் முன்னறையின் ஆழமும். முன்னறை ஆழமில்லாதவருக்குத் துளி விட்டால் கோணம் மூடி அழுத்தம் திடீரென ஏறக்கூடும். சந்தேகம் என்றால் நிபுணரிடம் காட்டாமல் விரிக்காதீர்கள்.

3. ட்ரொபிகமைட் 1% ஒரு துளி. 20 முதல் 30 நிமிடம் பொறுத்து, போதாவிட்டால் இன்னொன்று. நீண்டகால நீரிழிவு உள்ளவர்களின் கண்மணி எளிதில் விரியாது. ஃபெனைல்எஃப்ரின் சேர்த்தால் 2.5% மட்டும். இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் நிறைந்த கிளினிக்கில் 10% கரைசலுக்கு இடமில்லை.

4. படம். கண்ணுக்கு இரண்டு, 45 பாகை: ஒன்று மக்யூலாவை (கூர்மையான பார்வை தரும் விழித்திரையின் நடுப்பகுதி) நடுவில் வைத்து, மற்றது பார்வை நரம்புத் தட்டை நடுவில் வைத்து. எடுத்தவுடன் திரையில் பார்த்துச் சரியில்லாவிட்டால் அப்போதே மறுபடி எடுக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போனபின் முடியாது.

படங்கள் கெடும் விதங்களைத் தெரிந்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஓரத்தில் பிறைபோல் சாம்பல் நிழல் விழுந்தால், கண்மணி சிறியது அல்லது கமரா நடுவில் இல்லை. படம் முழுவதும் பனி மூடியதுபோல் இருந்தால் கண்புரையாக இருக்கலாம், வில்லையில் விரல் பட்டிருக்கவும் கூடும். அடுத்த நோயாளியிலும் அப்படியே இருந்தால் வில்லைதான். வெவ்வேறு ஆட்களின் படங்களில் அதே இடத்தில் ஒரு கரும்புள்ளி வந்தால் அது தூசி. இதைக் குருதிக்கசிவு என்று எண்ணிப் பதிந்தால் நோயின் வீதமே உயர்ந்துவிடும். ஒவ்வொரு காலையும் கமராவை வெற்றுத் தாளுக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுத்து வைத்தால் தூசியை உடனே பிடிக்கலாம். கடற்கரை நகரத்தின் ஈரப்பதத்தில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். இரவில் மூடி, சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, பைகளை நிறம் மாறும்போது மாற்றுங்கள். மின்சாரம் போனால் அன்றைய படங்கள் அழியாதபடி ஒரு யூ.பி.எஸ். கட்டாயம்.

ஓ.சி.ரி. (ஒளியால் விழித்திரையின் படைகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் இயந்திரம்) கிடைத்தால் இன்னொரு எச்சரிக்கை. மக்யூலாவின் நடு 1 மில்லிமீற்றர் வட்டத்தின் தடிப்பை எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் ஒவ்வொரு வகை இயந்திரமும் விழித்திரையின் அடி எல்லையை வெவ்வேறு படையில் வைக்கிறது. பழைய ஸ்ட்ராடஸ் இயந்திரத்தில் 250 மைக்ரோன் என்பது வீக்கத்தின் எல்லையாகப் பாவிக்கப்பட்டது. ஸ்பெக்ட்ராலிஸில் அதே எல்லை பெண்களுக்கு 305, ஆண்களுக்கு 320. எனவே இங்கே ஒரு இயந்திரத்திலும் கொழும்பில் வேறொன்றிலும் எடுத்த எண்களைக் கழித்து "வீக்கம் குறைந்தது" என்று எழுதக்கூடாது. இயந்திரம் கோடு கீறிய இடத்தையும் கண்ணால் பாருங்கள். கோடு தவறான படையில் ஓடியிருந்தால் எண்ணும் தவறு.

பார்த்துத் தரம் பிரித்தல்

2003இல் வெளியான சர்வதேச அளவுகோலில் ஐந்து படிகள். பாதிப்பு இல்லை, மைக்ரோஅனியூரிசம் (நுண்குருதிக்குழாய்ச் சுவரின் சிறு புடைப்பு) மட்டும் இருந்தால் இலேசு, அதற்கு மேல், ஆனால் கடுமைக்குக் கீழ் என்றால் நடுத்தரம், பிறகு கடுமை, புதுக்குருதிக்குழாய் முளைத்தால் அல்லது விட்ரியசுக்குள் (கண்ணின் உள்ளே நிறைந்த கூழ்) அல்லது விழித்திரைக்கு முன்னால் குருதி கசிந்தால் ஐந்தாவது படி. கடுமைக்கு 4-2-1 விதி: நான்கு கால்பகுதிகள் ஒவ்வொன்றிலும் 20க்கு மேற்பட்ட குருதிக்கசிவு, அல்லது இரண்டு கால்பகுதிகளில் நாளங்கள் மணிமணியாகப் புடைத்தல், அல்லது ஒரு கால்பகுதியில் தெளிவான இர்மா (விழித்திரைக்குள் நுண்குழாய்கள் பிறழ்ந்து விரிதல்). மக்யூலா வீக்கத்தைத் தனியாகப் பதிய வேண்டும். அது எந்தப் படியிலும் வரலாம்.

இரண்டு பேர் தனித்தனியாக, மற்றவரின் முடிவையும் நோயாளியின் சீனி அளவையும் பாராமல் தரம் பிரிக்க வேண்டும். ஒத்துப்போகாதவற்றை மூன்றாமவர் தீர்ப்பார். ஒப்புமையை எடையிட்ட கப்பாவில் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த அளவு) சொல்லுங்கள்: 0.61 முதல் 0.80 வரை நல்லது, 0.81க்கு மேல் மிக நல்லது என்பது வழக்கில் உள்ள வகுப்பு. வெறும் வீதம் ஏமாற்றும். நூற்றில் எண்பத்திரண்டு படங்கள் சாதாரணமானவை என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதுபவரும் 82% ஒத்துப்போவார். சில வாரம் கழித்துப் பத்தில் ஒரு படத்தைப் பெயர் தெரியாமல் மறுபடி கலந்து கொடுத்து, அதே ஆள் அதே முடிவுக்கு வருகிறாரா என்றும் பாருங்கள்.

தரம் பிரிக்க முடியாத படத்தை விட்டுவிட்டுக் கணக்கெடுப்பது இந்தத் துறையில் மிகப் பரவலான தவறு. படம் மங்கலாக இருப்பவர்கள் வயதானவர்கள், கண்புரை உள்ளவர்கள், சீனி நீண்ட காலம் கட்டுப்படாதவர்கள். அவர்களை நீக்கினால் நோய் மிகுந்தவர்களை நீக்குகிறீர்கள். "முடியாதது" என்பதைத் தனி வகையாக வைத்து, எத்தனை என்று அறிக்கையில் எழுதுங்கள். அவர்களை நிபுணரிடம் அனுப்புவது ஆய்வாளரின் கடமை.

தரவு அட்டவணை

முதல் நோயாளியைச் சேர்க்குமுன், ஒவ்வொரு நிரலின் பெயர், அலகு, அனுமதிக்கும் எல்லை, விடுபட்டதற்கான குறி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். வெறுமையான கட்டம் எதையும் சொல்லாது: கேட்கவில்லையா, அளக்க முடியவில்லையா, மறந்துவிட்டதா? ரெட்கப் அல்லது எபி இன்ஃபோ என்ற தரவு சேர்க்கும் மென்பொருளைப் பாவித்தால் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணை அதுவே தடுக்கும். எக்செல் என்றால் நீங்களே தடை வைக்க வேண்டும்.

அலகு கலப்பது இங்கே தினமும் நடக்கும். ஒரு ஆய்வுகூடம் குளுக்கோஸை மில்லிகிராமில் தரும், மற்றது மில்லிமோலில். 18 மடங்கு வித்தியாசம். எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனி நிலையைக் காட்டும் எண்) 7% என்பதும் 53 மில்லிமோல்/மோல் என்பதும் ஒன்றே. தலசீமியாவோ குருதிச்சோகையோ உள்ளவரில் அந்த எண்ணை நம்பவும் முடியாது. ஸ்னெலன் பின்னங்களை அப்படியே சராசரி எடுக்காதீர்கள். 6/6, 6/60 இரண்டையும் தசமமாக்கிச் சராசரி எடுத்தால் 6/11 வரும். லொக்மாருக்கு மாற்றி (0.0, 1.0) எடுத்தால் 0.5, அதாவது ஏறத்தாழ 6/19. இரண்டாவதே சரி. விரல் எண்ணுதல், கை அசைவு ஆகியவற்றுக்கு என்ன லொக்மார் எண் கொடுப்பது என்பதைத் தரவு பார்க்குமுன் முடிவு செய்து எழுதி வையுங்கள்.

ஒரு ஆளின் இரண்டு கண்கள் இரண்டு ஆட்கள் ஆகமாட்டா. 150 பேரின் 300 கண்களைத் தனித்தனி என்று கருதிச் சோதனை செய்தால், இல்லாத வித்தியாசமும் இருப்பதாகத் தோன்றும். ஒன்றில் மோசமான கண்ணை மட்டும் எடுங்கள், அல்லது இரு கண்களின் தொடர்பைக் கணக்கில் எடுக்கும் முறையை ஆர் போன்ற இலவச மென்பொருளில் புள்ளிவிபரம் தெரிந்தவரோடு இருந்து செய்யுங்கள். மதிப்பாய்வாளர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பெயரும் அடையாள இலக்கமும் உள்ள தாள் ஒரு பூட்டில், ஆய்வு இலக்கம் மட்டும் உள்ள தரவு வேறிடத்தில். விழித்திரைப் படத்தின் மூலையில் இயந்திரம் பெயரை அச்சிட்டிருக்கும். அதை அழிக்காமல் எவருக்கும் அனுப்ப வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. சுகாதாரத் தரவை வட்ஸ்அப்பில் சுற்றவிடுவது நோயாளி நம் மேல் வைத்த நம்பிக்கையை உடைக்கும்.

நோயாளியைத் தொலைக்காமல் இருக்க

சேர்க்கும்போதே இரண்டு தொலைபேசி இலக்கம் வாங்குங்கள்: ஒன்று அவருடையது, மற்றது மகள் அல்லது மகனுடையது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிள்ளையின் இலக்கம் உதவாது, ஊரில் இருப்பவரின் இலக்கமே வேண்டும். கிராம அலுவலர் பிரிவையும் எழுதுங்கள். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் வருகை குறையும், பெரும்போக அறுவடை நாட்களிலும் குறையும். வெள்ளி நண்பகலுக்கு முஸ்லிம் நோயாளிகளை அழைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் துளி விடலாமா என்று பலர் தயங்குவார்கள். வாதாடாமல் நோன்புக்குப் பின்னான திகதி கொடுங்கள். மீன்பிடிப்பவருக்குக் கடல் அமைதியான மாதங்களில் பகல் வேலை இழப்பது பெரிய நட்டம், அவருக்கு ஏற்ற நாளை அவரிடமே கேளுங்கள்.

துளி விட்டபின் நான்கு, ஆறு மணித்தியாலம் மங்கலும் கூச்சமும் இருக்கும் என்பதை அழைக்கும்போதே சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் தனியே வந்தவர், அதைக் கேட்டதும் பரிசோதனை வேண்டாம் என்று திரும்பிவிடுவார். துணைக்கு ஒருவரைக் கூட்டி வரச் சொல்லுங்கள். பஸ் காசு கொடுக்க நினைத்தால் அந்தத் தொகையை ஒழுக்கநெறிக் குழுவுக்கு முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும். ஆய்வில் கண்டுபிடித்த நோய்க்குச் சிகிச்சை வழியும் முன்பே தயாராக இருக்க வேண்டும்: லேசருக்கு எங்கே, ஊசிக்கு எங்கே, சத்திரசிகிச்சைக்குச் சுமார் 260 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு யார் கடிதம் எழுதுவது. "உங்கள் விழித்திரையில் குருதி கசிகிறது, நன்றி" என்று அனுப்பிவிட நமக்கு உரிமை இல்லை.

எழுதுதலும் அடுத்த படியும்

அவதானிப்பு ஆய்வுக்கு ஸ்ரோப் பட்டியலை (அறிக்கையில் எவை இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல்) எழுதத் தொடங்குமுன் பக்கத்தில் வையுங்கள்; முடிந்தபின் பார்த்தால் விடுபட்டதைத் திரட்ட முடியாது. யார் யார் ஆசிரியர் என்பதையும் முதல் நாளே பேசித் தீர்த்துவிட வேண்டும். 1887இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜேர்னல், கண் வைத்தியக் கல்லூரியின் சஞ்சிகை இரண்டும் உள்ளூர்க் கேள்விகளை மதிப்பவை. ஒரு கிழமையில் ஏற்றுக்கொள்கிறோம், காசு அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் விலகுங்கள். ஓர்கிட் இலக்கம் (ஆய்வாளரை அடையாளம் காட்டும் சர்வதேச இலக்கம்) இலவசம், இன்றே எடுங்கள். பெயரின் முதலெழுத்து ஒரு கட்டுரையில் முன்னும் மற்றதில் பின்னும் வந்தாலும் அந்த இலக்கம் அனைத்தையும் ஒன்று சேர்க்கும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ விண்ணப்பிக்கும்போது கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, ஒரே கேள்வியைத் தொடர்ந்து பிடித்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் ஆகிய கண் வைத்திய நிறுவனங்களில் இருந்து வந்த ஆய்வுகளை வாசித்துப் பாருங்கள். நம்மைப் போன்ற மக்கள்தொகையை நம்மிடம் இருப்பதுபோன்ற நெரிசலான கிளினிக்குகளில் ஆராய்ந்தவை அவை. முறைப் பகுதியை வரிவரியாகப் படித்து, அதில் எதை இங்கே செய்யலாம் என்று ஓரத்தில் எழுதுங்கள்.

இடமாற்றக் கடிதம் வந்ததும், தரவுப் படிவத்தின் வெற்றுப் பிரதி, நிரல் விளக்கத் தாள், தரம் பிரித்த விதிகள், நோயாளிகளின் அடுத்த திகதிகள் ஆகியவற்றை ஒரு கோப்பாக்கி, அனுமதியில் பெயர் உள்ள ஒருவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். புதிதாக வருபவரின் பெயரைச் சேர்க்க ஒழுக்கநெறிக் குழுவுக்குத் திருத்தக் கடிதம் ஒன்று போதும். அதைக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னரே அனுப்பிவிடுங்கள்.